காலநிலை மாற்றம் சண்டையை மூட்டுகிறதா? வறட்சிக்கும் வன்முறைக்கும் நடுவில் நடப்பவை

மாலியிலோ சூடானிலோ ஓர் ஊர் எரிக்கப்பட்டால், "காலநிலை மாற்றத்தால் நிலத்துக்கும் தண்ணீருக்கும் வந்த போட்டி" என்ற ஒரு வரி செய்திக்குள் எங்காவது வந்துவிடுகிறது. இன்னொரு நாள், 2050-க்குள் கோடிக்கணக்கான "காலநிலை அகதிகள்" எல்லைகளைத் தாண்டி வரப்போகிறார்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. அப்புறம் ஓர் ஆய்வறிக்கை, காலநிலைக்கும் போருக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல என்கிறது. மூன்றையும் படிப்பவர் குழம்பாமல் இருக்க முடியாது.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. வறட்சியும் வெள்ளமும் மக்களை நெருக்குகின்றன. அந்த நெருக்கடி கொலையில் முடியுமா, ஊரைவிட்டுக் கிளம்புவதில் முடியுமா, சமாளிப்பதில் முடியுமா என்பதைப் பெரும்பாலும் மனிதர்கள் எடுக்கும் முடிவுகளே தீர்மானிக்கின்றன. நிலம் யாருக்கு, தண்ணீர் யாருக்கு, யார் எங்கே போகலாம், நிவாரணம் யாருக்கு முதலில் என்ற முடிவுகள் அவை. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்த முடிவுகளை எடுத்தவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். அதனால்தான் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்வது முக்கியமாகிறது.

## அடிப்படை: பேரிடர் எப்படி உருவாகிறது

காலநிலை அறிவியலில் ஓர் அபாயத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

1. தாக்கும் நிகழ்வு: புயல், வறட்சி, வெப்ப அலை, கடல்மட்ட உயர்வு. புவி வெப்பமடைதல் நேரடியாக மாற்றுவது இதைத்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, பெய்யாதபோது மண்ணை இன்னும் வேகமாக உலர்த்துகிறது.

2. எதிர்ப்படுதல்: அந்தத் தாக்குதலின் பாதையில் யார், எவ்வளவு பேர் வாழ்கிறார்கள்.

3. பாதிப்புநிலை: அடி விழுந்தால் தாங்கும் வலு. சேமிப்பு, சாலை, மருத்துவமனை, முன்னெச்சரிக்கை, நம்பக்கூடிய அரசு எல்லாம் இதில் அடங்கும்.

ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, அதாவது ஐபிசிசி, 2022-ல் வெளியிட்ட அறிக்கைப்படி 330 முதல் 360 கோடி மக்கள் மிகுந்த பாதிப்புநிலையில் வாழ்கிறார்கள். 2010 முதல் 2020 வரை, வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் நேர்ந்த இறப்பு விகிதம், வலுவான பகுதிகளைவிட இப்பகுதிகளில் 15 மடங்கு அதிகம்.

2023 செப்டம்பரில் லிபியாவின் டெர்னா நகரில் நடந்தது இதற்குத் துல்லியமான சான்று. 'டேனியல்' புயல் கொட்டிய மழையில், நகருக்கு மேலே இருந்த இரண்டு அணைகள் ஒரே இரவில் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1970-களில் கட்டப்பட்ட அணைகள் அவை. இரண்டு போட்டி அரசுகளாகப் பிளந்து கிடந்த நாட்டில் அவற்றை ஒழுங்காகப் பராமரிக்க ஆளில்லை. மழையைக் கூட்டியது வெப்பமடைதல். ஆனால் அணைகளைக் கைவிட்டது அரசியல்.

## வறட்சியிலிருந்து வன்முறை வரை நான்கு வழிகள்

1. வருமானம் போகிறது. மானாவாரி விவசாயமும் கால்நடையும் பொய்த்தால், வேலையில்லாத இளைஞனுக்கு ஆயுதக் குழு தரும் சம்பளம் ஒரு வழியாகத் தெரிகிறது.

2. உணவு விலை ஏறுகிறது. பாதிப்பு கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பரவுவது இந்த வழியில்தான்.

3. பொதுவில் பகிர்ந்த வளத்தின் கால அட்டவணை குலைகிறது. மேய்ப்பர்கள் அறுவடைக்குப் பிறகு வருவதும், தாள்களை மாடுகள் மேய்வதும், சாணம் வயலுக்கு உரமாவதும் பல பகுதிகளில் நூற்றாண்டு கால ஏற்பாடு. மழை தள்ளிப்போனால் விதைப்பும் தள்ளிப்போகிறது. மாடுகளோ பசியில் முன்கூட்டியே வருகின்றன. பயிர் நிற்கும் வயலில் மந்தை இறங்கும் அந்த நாளில்தான் முதல் கைகலப்பு.

4. அரசு அம்பலமாகிறது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்கு பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். மேற்கு பாகிஸ்தானிலிருந்து வந்த நிவாரணம் தாமதமானது, அலட்சியமானது. அடுத்த மாதத் தேர்தலில் கிழக்கின் கட்சியான அவாமி லீக் பெருவெற்றி பெற்றது. அதிகாரத்தை ஒப்படைக்க ராணுவ அரசு மறுத்தது. 1971-ல் போர் மூண்டு வங்கதேசம் பிறந்தது. புயல் நாட்டைப் பிரித்ததாகச் சொல்வது தவறு. மொழி, வருமானம், அதிகாரம் என்று ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கசப்பை அது எல்லோர் கண்ணுக்கும் தெரியவைத்தது.

சரி, மொத்தத்தில் காலநிலையின் பங்கு எவ்வளவு? 2019-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வில், இத்துறையில் ஒருவரோடு ஒருவர் உடன்படாத நிபுணர்களையே உட்காரவைத்துக் கேட்டார்கள். கடந்த நூறாண்டில் நாடுகளுக்குள் நடந்த ஆயுத மோதல்களில் 3 முதல் 20 சதவீதம் வரை காலநிலையின் தாக்கம் இருந்தது என்பது அவர்களின் மதிப்பீடு. குறைந்த வளர்ச்சி, வலுவற்ற அரசு, ஏற்றத்தாழ்வு ஆகியவை அதைவிடப் பெரிய காரணிகள். வெப்பம் ஏற ஏற காலநிலையின் பங்கு கூடும் என்றும் அவர்கள் சொன்னார்கள். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

## மாலி: மழை தேறிய பிறகு ஏன் ரத்தம் சிந்தியது?

மாலியின் நடுப்பகுதியில் நைஜர் ஆறு, கடலுக்கு வெகு தொலைவிலேயே ஒரு பெரிய டெல்டாவாக விரிகிறது. அங்கே வெள்ள நீரில் 'பூர்கூ' என்ற புல் வளர்கிறது. நீர் வடிந்ததும் அதை மேயலாம். சுற்றுவட்டாரமெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் ஃபுலானி மேய்ப்பர்களின் மந்தைகளைக் காப்பாற்றுவது இந்தப் புல்தான். விவசாயிகளும் மீனவர்களும் அதே நிலத்தை வேறு வேறு மாதங்களில் பயன்படுத்துகிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே இருந்த மாசினா அரசு, எந்த மந்தை எந்தப் பாதையில், எந்த வரிசையில் உள்ளே வரலாம் என்பதற்கு 'தீனா' என்ற விதிமுறையை வகுத்தது. அது எல்லோருக்கும் சமமான ஏற்பாடு அல்ல. மேய்ப்பர் குலத் தலைவர்களுக்கே அதில் கை ஓங்கியிருந்தது. ஆனாலும் வரிசை என்ற ஒன்று இருந்தது.

1960-ல் விடுதலை பெற்ற மாலி, நிலத்தை அரசுடைமை என்று அறிவித்தது. 1970-களிலிருந்து, பூர்கூ விளையும் ஆழமான தாழ்நிலங்கள் நெல் திட்டங்களுக்குப் போயின. மந்தைப் பாதைகள் குறுகின, சில இடங்களில் அடைபட்டன. மேய்ப்பர்களுக்கு வனத்துறை அபராதம் மேல் அபராதம் போட்டது. நிலத் தகராறு என்று போனால் அதிகாரிகள் இரு தரப்பிடமும் பணம் வாங்கினார்கள், வழக்கு முடியவே இல்லை.

இதன் நடுவில்தான் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே நீளும் சஹேல் பகுதியில் 1973, 1984 ஆண்டுகளின் கொடிய வறட்சிகள் வந்தன. மந்தைகள் செத்தன, லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தார்கள். ஆனால் மாலியின் நடுப்பகுதியில் கூட்டக் கொலைகள் அப்போது நடக்கவில்லை. 1990-களுக்குப் பிறகு சஹேலில் மழையளவு ஓரளவு தேறியது. வன்முறை வெடித்ததோ 2012-க்குப் பிறகு. தண்ணீர்ப் பஞ்சமே முழுக் காரணம் என்றால் இந்த வரிசையை விளக்க முடியாது.

2011-ல் லிபியாவில் கடாஃபி வீழ்ந்தார். அங்கே படையிலிருந்த, சஹாராவின் நாடோடி இனமான துவாரெக் வீரர்கள் ஆயுதங்களோடு வடக்கு மாலிக்குத் திரும்பினார்கள். 2012-ல் அரசு நிர்வாகம் வடக்கிலிருந்தும் டெல்டாவின் பல பகுதிகளிலிருந்தும் ஓடியது. அந்த வெற்றிடத்தில் 2015 அளவில் கத்தீபா மாசினா என்ற ஜிகாதி அமைப்பு எழுந்தது. மேய்ச்சல் கட்டணத்தைக் குறைத்து, ஏழை மேய்ப்பர்களின் குறையைத் தன் கொடியாக்கிக்கொண்டது. எதிர்த்தரப்பில் டோகோன் விவசாயிகள் சார்பில் தற்காப்புப் படைகள் கிளம்பின. 2019 மார்ச்சில் ஒகொசாகு என்ற ஃபுலானி கிராமத்தில் சுமார் 160 பேர் கொல்லப்பட்டார்கள்.

காலநிலைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. மொத்த மழை தேறினாலும் அது பெய்யும் விதம் மாறியிருக்கிறது. குறைந்த நாட்களில் வலுத்துப் பெய்கிறது, நடுவில் நீண்ட உலர் இடைவெளிகள் வருகின்றன. வெப்பமும் ஏறுகிறது. முன்னே சொன்ன கால அட்டவணைக் குலைவு அடிக்கடி நேர்கிறது. வரிசையை ஒழுங்குபடுத்த நேர்மையான நடுவர் இல்லாத இடத்தில், ஒவ்வொரு குலைவும் துப்பாக்கியிடம் போய் நிற்கிறது.

## சாட் ஏரி, சிரியா: நாம் எளிமையாக்கிய இரண்டு கதைகள்

சாட் ஏரி 1960-களில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. 1980-களில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியது. "ஏரி வற்றியது, போகோ ஹராம் என்ற ஜிகாதி அமைப்பு வந்தது" என்ற கதை இங்கிருந்து பிறந்தது. ஆனால் 1980-களின் தாழ்நிலைக்குப் பிறகு ஏரி தொடர்ந்து வற்றவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கி, ஓரளவு மீண்டிருக்கிறது. போகோ ஹராம் ஆயுதம் தூக்கியதோ 2009-ல். அதன்பின் கிளர்ச்சியாளர்களுக்குப் பணம் போகக் கூடாது என்று, நைஜரின் டிஃபா பகுதியில் மீன், மிளகாய் வணிகத்தையே 2015-ல் அரசு தடை செய்தது. ஏரியில் தண்ணீரும் மீனும் இருந்தும் மக்களால் பிழைக்க முடியாமல் போனது. வறட்சிக்குத் தாக்குப்பிடித்த குடும்பங்களை ஒரு பாதுகாப்பு ஆணை வீழ்த்தியது.

சிரியாவில் 2006 முதல் 2010 வரை கடும் வறட்சி. மனிதர்களால் நேர்ந்த வெப்பமடைதல் அத்தகைய வறட்சிக்கான வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டியது என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. வடகிழக்கிலிருந்து பல குடும்பங்கள் தெற்கு நகரங்களின் ஓரங்களுக்கு வந்தன. ஆனால் அதே ஆண்டுகளில்தான் டீசல் மானியமும் உர மானியமும் வெட்டப்பட்டன. நிலத்தடி நீரை இறைக்க டீசலையே நம்பியிருந்த விவசாயிக்கு இது இரண்டாவது அடி. ஈராக்கும் ஜோர்டானும் அதே வறட்சியைச் சந்தித்தன, அங்கே இந்தப் போர் மூளவில்லை. 2011 மார்ச்சில் தெரா நகரத் தெருக்களில் இறங்கியவர்கள், அரசுக்கு எதிராகச் சுவரில் எழுதிய சிறுவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்ததற்கு எதிராக இறங்கினார்கள். இந்தப் போரை 'காலநிலைப் போர்' என்று அழைப்பது அந்தச் சிறுவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் செய்யும் அநியாயம்.

## யார் நகர்கிறார்கள், யாரால் நகர முடியவில்லை

1. பெரும்பாலானோர் எல்லையைத் தாண்டுவதே இல்லை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 21.6 கோடி என்ற எண், உலக வங்கி 2021-ல் வெளியிட்டது. 2050-க்குள் ஆறு பெரும்பகுதிகளில் தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடியவர்களின் உச்ச மதிப்பீடு அது. உமிழ்வைக் குறைத்து, வளர்ச்சியைச் சரியாகத் திட்டமிட்டால் அதை 80 சதவீதம் வரை குறைக்கலாம் என்பதும் அதே அறிக்கையில் உண்டு.

2. எண்ணிக்கையைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2024-ல் பேரிடர்களால் 4.58 கோடி உள்நாட்டு இடப்பெயர்வுகள் பதிவாயின. அவை நகர்வுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. இரண்டு புயலுக்கு இரண்டு முறை வெளியேறியவர் இரண்டாகக் கணக்கில் வருவார். புயலுக்கு முன்பே பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டவர்களும் அதில் உண்டு.

3. மிக ஏழைகள் சிக்கிக்கொள்கிறார்கள். இடம்பெயரப் பணம் வேண்டும், போகும் இடத்தில் தெரிந்தவர் வேண்டும். விளைச்சல் போய், மாட்டையும் விற்றுத் தின்றுவிட்டவரிடம் இரண்டும் இல்லை. அவர்கள் எந்த எல்லையிலும் வந்து நிற்பதில்லை, அதனாலேயே செய்தியிலும் வருவதில்லை.

4. நகர்வது பல இடங்களில் பிழைக்கும் வழி. சஹேல் மக்கள் உலர் மாதங்களில் வேலை தேடி வடக்கே போய்த் திரும்புவது பழைய வழக்கம். 2015-ல் ஐரோப்பாவின் ஊக்கத்தோடு நைஜர் அரசு கொண்டுவந்த ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம், நாட்டின் வடக்கிலுள்ள அகடேஸ் நகர் வழியான போக்குவரத்தையே குற்றமாக்கியது. 2023 நவம்பரில் ராணுவ ஆட்சி அதை நீக்கும் வரை, அந்தப் பகுதியின் வருமானமும் பருவகால நகர்வும் நொறுங்கிக் கிடந்தன. மேய்ப்பர்களுக்கு இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 1998-ல் வகுத்த விதி, மந்தைகள் எல்லை கடக்கச் சான்றிதழ் முறையைத் தந்தது. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டமைப்பிலிருந்து வெளியேறிவிட்டன.

## சட்டம் என்ன சொல்கிறது

1951 அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சுபவரையே அகதி என்கிறது. வறட்சியும் கடலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அரசோ ஆயுதக் குழுவோ ஒரு குழுவினருக்கு மட்டும் தண்ணீரையும் நிவாரணத்தையும் மறுத்தால், பாதிக்கப்பட்டவர் அகதித் தகுதி கோரலாம். ஆப்பிரிக்காவின் 1969 உடன்படிக்கை, பொது ஒழுங்கு கடுமையாகக் குலைந்தாலும் பாதுகாப்பு தருகிறது. 2009-ல் கையெழுத்தான கம்பாலா உடன்படிக்கை, பேரிடரால் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களையும் காக்கும் பொறுப்பை அரசுகள் மேல் வைக்கிறது.

எல்லை தாண்டியவர்களுக்கான சட்டம் மெதுவாக நகர்கிறது. கிரிபாட்டி தீவைச் சேர்ந்த ஒருவரை நியூசிலாந்து திருப்பி அனுப்பியது. அவர் தொடுத்த வழக்கில் ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. அவர் தோற்றார். ஆனால் காலநிலைப் பாதிப்பு உயிருக்கே ஆபத்தாகும் இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை அதில் பதிவானது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்து இதை இன்னும் வலுப்படுத்தியது. நிலம் மூழ்கினாலும் ஒரு நாடு நாடு என்ற தகுதியை இழந்தாக வேண்டியதில்லை என்றும் அது சொன்னது. இந்த ஆலோசனைக் கருத்தின் தொடக்கம் 2019-ல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் எழுப்பிய கோரிக்கை. அதை வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு நாடு ஐ.நா. பொதுச்சபை வரை கொண்டுபோனது. இத்துறையில் எனக்கு நம்பிக்கை தரும் மிகச் சில செய்திகளில் இது ஒன்று.

பசிபிக் தீவு நாடான துவாலு வேறு வழியைப் பிடித்தது. சுமார் 11,000 பேர் வாழும் அந்த நாடு 2023-ல் ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய் வாழலாம், படிக்கலாம், வேலை செய்யலாம். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் பெயர் பதிந்தார்கள். ஆனால் வேறு நாடுகளோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்யும்போது துவாலு ஆஸ்திரேலியாவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. கடல்மட்டம் உயர்வதற்கான விலையில் ஒரு பங்கை ஒரு சிறு நாடு தன் வெளியுறவு உரிமையாகச் செலுத்துகிறது.

## கொள்கை எங்கே வேலை செய்கிறது, எங்கே நின்றுபோகிறது

சோமாலியாவின் இரண்டு வறட்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2010 முதல் 2012 வரை சுமார் 2.6 லட்சம் பேர் இறந்தார்கள். அல் ஷபாப் என்ற ஜிகாதி அமைப்பு உதவி அமைப்புகளைத் தடுத்தது. பயங்கரவாதிகளிடம் பணம் போய்விட்டால் அமெரிக்கச் சட்டங்களில் சிக்கிக்கொள்வோம் என்ற அச்சமும் உதவியை முடக்கியது. 2020-ன் இறுதியில் தொடங்கியது இன்னும் நீண்ட வறட்சி. அடுத்தடுத்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தன. 2022-ல் மட்டும் சுமார் 43,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. தாங்க முடியாத எண்ணிக்கைதான். ஆனால் முன்பைவிட முன்கூட்டி வந்த பணமும் உணவும், செல்போன் வழியாக நேராகக் குடும்பங்களுக்குப் போன உதவியும் பஞ்சத்தை விளிம்பிலேயே தடுத்தன. மழை முன்பைவிட மோசம், சாவு முன்பைவிடக் குறைவு.

காலநிலை மாற்றத்தை உலகப் பாதுகாப்புப் பிரச்சினையாகக் கையாள ஒரு முயற்சி நடந்தது. 2021 டிசம்பரில் அயர்லாந்தும் நைஜரும் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் தீர்மானம் கொண்டுவந்தன. 12 நாடுகள் ஆதரித்தன. ரஷ்யா வீட்டோ செய்தது, இந்தியா எதிர்த்து வாக்களித்தது, சீனா ஒதுங்கியது. பணக்கார நாடுகள் நிதி வாக்குறுதியை நிறைவேற்றாமல், ஏழை நாடுகளின் காலநிலையைப் பாதுகாப்புக் கண்ணால் பார்ப்பதை இந்தியா ஏற்கவில்லை. அந்த வாக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நிதி பற்றிய குறை உண்மையானது. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்று 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் அவை தந்த வாக்கு 2022-ல்தான் நிறைவேறியது.

வரும் பணமும் சண்டை நடக்கும் இடங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2021 கணக்குப்படி, பெரிய காலநிலை நிதியங்களிலிருந்து மிகவும் நிலைகுலைந்த நாடுகளுக்குப் போனது தலைக்குச் சுமார் 2 டாலர். நிலையான வளரும் நாடுகளுக்கு 160 டாலருக்கும் மேல். காரணம் எளிது: விண்ணப்பிக்கத் தணிக்கை அறிக்கை வேண்டும், தகுதிச் சான்று வேண்டும், திட்டம் நடக்கும் பகுதி அரசின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மாலியின் டெல்டாவில் இவை எதுவும் கிடையாது.

காலநிலைப் பேரிடர்களால் அடிபட்ட ஏழை நாடுகளுக்கு உதவ, 2022-ல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட இழப்பு மற்றும் சேத நிதியம் இதை மாற்றுமா என்பதுதான் இப்போது கவனிக்க வேண்டியது. அதன் முதல் கட்ட ஒதுக்கீடு 25 கோடி டாலர். அதே 2022-ல் பாகிஸ்தான் வெள்ளம் ஒன்றே 3.3 கோடி மக்களைப் பாதித்து, சேதமும் பொருளாதார இழப்புமாக 3,000 கோடி டாலரை விழுங்கியது. தொகை ஒரு பக்கம் இருக்கட்டும், யார் கை நீட்டிப் பெறலாம் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. நிதியம் அரசுகளிடம் மட்டுமே பேசினால், அரசு ஓடிப்போன ஊர்களில் மந்தைப் பாதைக்கு மறுபடி வரிசை வகுக்க முயலும் ஊர்ப் பெரியவர்களிடமும், கிணறு வெட்டும் உள்ளூர்க் குழுக்களிடமும் அந்தப் பணம் வராது. அவர்களுக்குச் சிறு தொகைகளை நேரடியாக, தணிக்கைக்கு உட்பட்டுத் தரும் வழியை நிதியத்தின் விதிகளிலேயே எழுத வேண்டும்.